சிம்னிக்கு முன்னால் ஒரு மின்னல் கூடம்

அனல்மின் நிலையத்தின் சிம்னியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 220 மீட்டர், 275 மீட்டர் என்று உயர்ந்து நிற்கும். ரயிலில் போகும்போது குழந்தைகளுக்குக் கை நீட்டிக் காட்டுவோம். ஆனால் அந்தச் சிம்னிக்கும் பாய்லருக்கும் நடுவில் அலுமினியத் தகடு போர்த்திய பிரம்மாண்டமான பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. அதற்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

அங்கே வேலை செய்பவர்கள் அதை ‘ஈ.எஸ்.பி.’ என்கிறார்கள். எலெக்ட்ரோஸ்டாட்டிக் பிரெசிபிடேட்டர் என்பது முழுப் பெயர். நிலக்கரி எரிந்து வரும் புகையிலிருந்து சாம்பலை மின்சாரத்தால் பிடித்து இழுத்துக் கீழே தள்ளும் கருவி. வடிகட்டி என்று சொல்லலாம். ஆனால் துணியும் கிடையாது, வலையும் கிடையாது. புகை ஓடும் வழி முழுக்கத் திறந்தே கிடக்கிறது. நடுவில் எதுவுமே தடுக்காமல் தூசி மட்டும் நின்றுவிடுகிறது. முதல் முறை இதைக் கேட்டபோது நம்பவில்லை. கேட்ட பிறகு பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எவ்வளவு சாம்பல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் உறைக்கும். தமிழ்நாட்டில் பழகிப்போன அளவு 210 மெகாவாட் யூனிட். முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 140 டன் அளவுக்கு நிலக்கரி தின்னும். இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்கு மேல்கூடச் சாம்பல் இருக்கும். நாற்பது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 56 டன். இதில் ஐந்தில் ஒரு பங்கு பாய்லருக்கு அடியிலேயே கட்டியாக விழுந்துவிடும். மீதி நான்கு பங்கு, சுமார் 45 டன், புகையோடு பறக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் நாலு லாரிக்கு மேல் சாம்பல் காற்றில்! பெட்டிக்குள் நுழையும் ஒரு கன மீட்டர் புகையில் ஐம்பது கிராம் அளவுக்குத் தூசி இருக்கும். வெளியே போகும்போது எவ்வளவு இருக்கலாம்? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் கொண்டுவந்த விதிப்படி, 2003 முடிவதற்குள் நிறுவிய பழைய யூனிட்டுக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை வந்தவற்றுக்கு 50, அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு 30. ஐம்பது கிராமை ஐம்பது மில்லிகிராமாக்க வேண்டும் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தப்பிக்கலாம்.

சரி, உள்ளே போவோம். ஓடிக்கொண்டிருக்கும் ஈ.எஸ்.பி.க்குள் யாரும் போக முடியாது. உள்ளே 130, 140 டிகிரி சூட்டில் புகை, பல்லாயிரம் வோல்ட் மின்சாரம். ஆண்டுக்கு ஒருமுறை யூனிட்டை நிறுத்தி ‘ஓவர்ஹால்’ எடுப்பார்கள். அந்தச் சமயம்தான் கதவு திறக்கும். அதுவும் சும்மா திறக்காது. கதவுக்கு ஒரு சாவி வரிசை உண்டு. எனக்கு அதுவே ஒரு தனி விருந்து. கன்ட்ரோல் பேனலில் மின்சாரத்தை நிறுத்தினால்தான் முதல் சாவி கழன்று வரும். அந்தச் சாவியை மேல்தளத்துக்கு எடுத்துப்போய் எர்த்திங் சுவிட்சில் போட வேண்டும். உயர் அழுத்த முனையை நிலத்தோடு இணைத்த பிறகுதான் அது அடுத்த சாவியை விடும். அந்தச் சாவிதான் மேன்ஹோல் கதவைத் திறக்கும். ஒரு படியைத் தாண்டிக் குதிக்க வழியே இல்லை. இத்தனைக்கும் பிறகு, கதவைத் திறந்ததும் நீளமான கழி ஒன்றில் பிடித்த எர்த் கம்பியை உள்ளே இருக்கும் சட்டத்தில் மாட்டிவிட்டுத்தான் ஆள் நுழைகிறார். காற்றில் ஆக்சிஜன் போதுமா என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். பெர்மிட்டில் கையெழுத்து. தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க், கையில் டார்ச்.

“குனிஞ்சு வாங்க சார், உள்ளே போனதும் நிமிரலாம்” என்றார் ஃபிட்டர். குனிந்து போய் நிமிர்ந்தேன். டார்ச் வெளிச்சம் மேலே போகப் போகப் போய்க்கொண்டே இருந்தது.

இரும்புத் தகடுகள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குத் தொங்கும் தகடுகள், வரிசை வரிசையாக, இணையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில் 300 மில்லிமீட்டர், புது வடிவமைப்புகளில் 400. உடம்பை ஒருக்களித்தால்தான் நுழைய முடியும். அந்தச் சந்துகளின் நடுவே, மேலிருந்து கீழ்வரை, மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத மெல்லிய கம்பிகள் ஸ்பிரிங் போலச் சுருண்டு இழுத்துக் கட்டியிருக்கின்றன. தகட்டுக்குக் ‘கலெக்டிங்’, கம்பிக்கு ‘எமிட்டிங்’. எல்லாவற்றின் மேலும் சாம்பல் படர்ந்து ஒரே நிறம். பேசினால் குரல் எங்கோ போய்த் திரும்பி வருகிறது. இதை வரைந்து, வெட்டி, வளைத்து, இத்தனை ஆயிரம் சதுர மீட்டர் தகட்டையும் நேராகத் தொங்கவிட்ட கைகளை நினைத்துக்கொண்டே நின்றேன். அந்தக் கைகளில் பல நம் ஊர்க் கைகள். ராணிப்பேட்டையில் இருக்கும் பெல் நிறுவனத்தின் ஆலை நாடு முழுக்க உள்ள அனல்மின் நிலையங்களுக்கு ஈ.எஸ்.பி. செய்து அனுப்புகிறது.

ஃபிட்டர் ஓர் அளவுக்கோலைக் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் நுழைத்து நுழைத்துப் பார்த்துக்கொண்டே போனார். சில மில்லிமீட்டர் கோணினாலும் விடமாட்டார். காரணம் கேட்டேன். “எங்கே கிட்ட வருதோ அங்கேதான் சார் ஸ்பார்க் அடிக்கும். ஒரு இடத்துல அடிச்சா அந்தப் பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறாது. ஒரு கம்பி வளைஞ்சிருந்தா மத்த எல்லாக் கம்பியும் அதுக்குக் கட்டுப்படணும்.” அறுந்த கம்பியைக் கண்டால் உடனே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு கம்பி இல்லாமல் ஓட்டலாம். அறுந்த கம்பி ஒன்று ஆடிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியே செத்துப்போகும்.

இப்போது மின்சாரம். கூரையில் எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபயர்கள், அவர்கள் பேச்சில் ‘டி.ஆர். செட்’, வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கம்பிகளுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் வோல்ட் எதிர்மின் அழுத்தம் கொடுக்கின்றன. வீட்டுக்கு வருவது 230. தகடுகள் நிலத்தோடு இணைந்தவை. கம்பி மெல்லியது என்பதால் அதைச் சுற்றி மின்புலம் அதீதமாகக் குவிகிறது. அங்கே காற்று உடைந்து, நீலமும் ஊதாவும் கலந்து ஒளிர்கிறது. அதற்குக் கொரோனா என்று பெயர், வைரஸ் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே. அங்கிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளில் ஒட்டிக்கொண்டு, அவை சாம்பல் துகள்களில் மோதி ஏறிக்கொள்கின்றன. மின்னேற்றம் பெற்ற துகள் பக்கவாட்டில் நகர்ந்து தகட்டில் போய் ஒட்டுகிறது.

எவ்வளவு வேகத்தில் நகர்கிறது தெரியுமா? வினாடிக்குச் சில சென்டிமீட்டர்தான்! புகையோ வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் முன்னே ஓடுகிறது. குழாயில் வரும்போது பதினைந்து மீட்டர் வேகத்தில் வந்த புகையை, பெட்டியை அகலமாக்கித்தான் இந்த நடைக்குக் கொண்டுவருகிறார்கள். நுழைவாயிலில் ஓட்டை போட்ட தகடுகள் நின்று, எல்லாச் சந்துக்கும் சமமாகப் புகையைப் பிரித்து அனுப்புகின்றன. துகள் கம்பியிலிருந்து தகட்டுக்குப் போக வேண்டியது 150 மில்லிமீட்டர். அதற்குள் பெட்டி முடிந்துவிடக் கூடாது. பெட்டி இத்தனை நீளமாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இந்த நீளத்தைப் பல ‘ஃபீல்டு’களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம். இங்கே ஒரு கணக்கு என்னை அன்று முழுக்கச் சிரிக்க வைத்தது. ஒரு ஃபீல்டு தனக்கு வரும் தூசியில் முக்கால் பங்கைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு தப்பிக்கிறது. இரண்டாவது அதில் கால் பங்கைத் தப்பவிடும். இப்படி ஐந்து ஃபீல்டு. நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1024. ஐம்பது கிராமை 1024ஆல் வகுத்தால் 49 மில்லிகிராம்! முக்கால்வாசிதான் பிடிக்கத் தெரிந்த ஐந்து பேர் வரிசையில் நின்றால் ஆயிரத்தில் ஒன்றுதான் தப்புகிறது. 1922இல் வால்தர் டாய்ச் என்ற ஜெர்மானியர் எழுதிய சமன்பாட்டின் சாரம் இதுதான். நிஜத்தில் பின்னால் வருவது மிக நுண்ணிய துகள், அதைப் பிடிப்பது கடினம்; எனவே ஏழு, எட்டு என்று ஃபீல்டுகளைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இதையெல்லாம் யார் யோசித்தார்கள் என்று தோண்டினால் இன்னும் உற்சாகம். 1824இலேயே லைப்சிக்கில் ஹோல்ஃபெல்ட் என்பவர் கண்ணாடி ஜாடிக்குள் புகையை அடைத்து, மின்னேற்றிய ஊசிமுனையால் அதைத் தெளிய வைத்துக் காட்டினார். 1885இல் வானொலி ஆராய்ச்சியில் பின்னாளில் பெயர் வாங்கிய ஆலிவர் லாட்ஜின் துணையோடு வேல்ஸின் பாகில்ட் ஈய உலையில் இதையே தொழிலுக்குக் கொண்டுபோனார்கள். தோல்வி. அந்தக் காலத்து மின்பொறிக்கு அந்தப் புகை அடங்கவில்லை. ஈயப் புகை மின்சாரத்தைக் கடத்தவும் மறுத்தது. இந்த இரண்டாவது காரணத்தை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

பிறகு கலிஃபோர்னியா. பெர்க்லியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் காட்ரெல், கந்தக அமில மூட்டத்தைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். வெற்று உலோக முனைகளில் மின்னிறக்கம் போதிய அளவு வரவில்லை. ஒரு நாள் ஆய்வகத்தில் பொழுது சாய்ந்து இருட்டும் நேரம். பருத்தி நூல் சுற்றிய மின்கம்பி ஒன்று நீளவாக்கில் ஊதா நிறத்தில் மினுமினுப்பதைக் கண்டார். உலோக முனைகளை விடப் பஞ்சு இழைகள் அழகாக ஒளிர்கின்றன! நூலின் ஒவ்வொரு நுண்ணிழையும் ஓர் ஊசிமுனையாக வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு, மயிரடர்ந்த மின்வாய்களைச் செய்தார். விளக்கை ஏற்றியிருந்தால் அந்த ஒளி அவர் கண்ணில் பட்டிருக்காது. 1908இல் காப்புரிமை வாங்கினார். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் செல்பி உருக்காலையில் கருவி ஓடியது. அந்த ஆலையின் புகையால் பயிர் கெடுகிறது என்று விவசாயிகள் நீதிமன்றம் ஏறியிருந்த காலம் அது. இதே போன்ற வழக்கைச் சந்தித்த ரிவர்சைடு சிமென்ட் ஆலையும், ஆரஞ்சுத் தோட்டங்களில் படிந்துகொண்டிருந்த தூசியைப் பிடிக்க இதைத்தான் நாடியது. முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் வருவது நின்றபோது, பிடித்த தூசியிலிருந்து பொட்டாஷ் எடுத்து விற்றார்கள். வழக்குக்குக் காரணமான தூசி, காசானது.

காட்ரெலை நான் நேசிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. காப்புரிமைப் பணத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. 1912இல் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, வருமானத்தை அறிவியல் ஆராய்ச்சிக்குத் திருப்பினார். எர்னஸ்ட் லாரன்ஸ் சைக்ளோட்ரான் கட்டியபோது கை கொடுத்த பணத்தில் இதுவும் உண்டு. அணுவைத் துளைக்கும் எந்திரத்துக்குப் புகைக்கூண்டின் தூசி படியளந்திருக்கிறது!

லாட்ஜைத் தோற்கடித்த காரணத்துக்கு வருகிறேன். தகட்டில் படிந்த சாம்பல் அடுக்கு மின்சாரத்தைத் தகட்டுக்குள் இறங்க விட வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் மிகக் குறைவு, அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கந்தகம் குறைந்தால் புகையில் கந்தக மூவாக்சைடும் குறைவு. சாம்பல் மேல் அதன் ஈரப்படலம் உருவாகாது. சாம்பல் மின்சாரத்தைக் கடத்த அடம்பிடிக்கும். அடுக்குக்குள்ளேயே மின்னழுத்தம் சேர்ந்து வெடித்து, நேர்மின் அயனிகள் எதிர்த்திசையில் கிளம்பி, பிடித்த தூசியையே விடுவித்துவிடும். ‘பேக் கொரோனா’ என்று ஆபரேட்டர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். மீட்டரில் மின்னோட்டம் தாராளமாக ஏறும். வோல்டேஜ் மட்டும் ஏறாது. சிம்னியில் தூசி கூடும். இதற்குப் பரிகாரமாக மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டு விட்டுத் துடிப்புகளாகக் கொடுக்கிறார்கள், சில இடங்களில் புகையில் துளி அம்மோனியா கலக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்டியைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். நம் ஊர் ஈ.எஸ்.பி.க்கள் இத்தனை பிரம்மாண்டமாக இருப்பதற்கு நம் நிலக்கரியின் குணமே காரணம்.

மின்சாரத்துக்கு அடுத்த நாயகன் சுத்தியல். ஆம், சுத்தியல்! தகட்டில் ஒட்டிய சாம்பலை யார் இறக்குவது? பெட்டிக்குள் நீண்ட தண்டுகளில் ஐந்து கிலோ அளவில் சுத்தியல்கள் வரிசையாகப் பூட்டியிருக்கின்றன. மோட்டார் தண்டை மெல்லச் சுழற்ற, ஒவ்வொன்றாக உச்சிக்கு ஏறி, கவிழ்ந்து விழுந்து, தகட்டின் அடிச்சட்டத்தில் ‘ணங்’ என்று அடிக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் விழாதபடி ஒவ்வொரு சுத்தியலும் வேறு வேறு கோணத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. மொத்தச் சாம்பலும் ஒன்றாக விழுந்தால் சிம்னியில் குப்பென்று புகை கிளம்பிவிடும். அடிப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். அடிக்கடி அடித்தால் மெல்லிய படலம் தூளாக உதிர்ந்து மறுபடி புகையில் கலக்கும். கொஞ்சம் பொறுத்து, அடுக்கு தடிமனான பிறகு அடித்தால் பாளம் பாளமாக நேரே கீழே விழும். அதனால் முதல் ஃபீல்டில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை. கடைசி ஃபீல்டில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. ஓடுகிற யூனிட்டின் பக்கத்தில் நின்று கேட்டால் அந்த ‘ணங்’ தகட்டுச் சுவரைத் தாண்டி வருகிறது. பழகிய காதுக்கு எந்தச் சுத்தியல் கழன்று விழுந்திருக்கிறது என்று கூடத் தெரியுமாம்.

கீழே தலைகீழ்ப் பிரமிடுகளாக ஹாப்பர்கள். விழுந்த சாம்பல் இங்கே சேர்கிறது. குளிர்ந்தால் ஈரம் கோத்துக் கட்டிப்போகும் என்பதால் ஹாப்பரின் சுவரைச் சூடாக்கிவைக்கிறார்கள். ஹாப்பரைக் காலி செய்யத் தவறினால் சாம்பல் உயர்ந்து உயர்ந்து தகட்டைத் தொட்டு மின்புலத்தையே சாய்த்துவிடும். எடை தாங்காமல் இரும்புக் கட்டுமானமே சரிந்த விபத்துகள் உலகில் நடந்திருக்கின்றன. அடைத்துக்கொண்ட ஹாப்பரைக் குத்திவிடுகிற வேலை இந்த மொத்த இடத்திலும் ஆபத்தானது. காற்று கலந்த சுடு சாம்பல் திடீரென்று பெருக்கெடுத்துத் தண்ணீராகப் பாயும், ஆளைச் சுட்டுவிடும். கீழே ஓட வழி வைத்துக்கொண்டு, முழு உடல் கவசம் போட்டுத்தான் அதைத் தொட வேண்டும். நம் விளக்கு எரிவதற்காக அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குக் கவசம் தரமானதாகக் கிடைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடைசி ஹாப்பரின் சாம்பலை விரலில் எடுத்துத் தேய்த்தேன். முகப்பவுடர் மாதிரி நழுவியது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான துகள்கள் கண்ணாடிக் கோளங்களாம். உலையின் சூட்டில் உருகி, பறக்கும்போதே உருண்டையாக உறைந்தவை. சில உள்ளே கூடாக இருந்து தண்ணீரில் மிதக்கும். இந்தச் சாம்பல் காற்றழுத்தக் குழாய் வழியே சைலோவுக்குப் போய், டேங்கர் லாரியில் ஏறி, சிமென்ட் ஆலைக்குப் போகிறது. கடையில் ‘பி.பி.சி.’ என்று கேட்டு வாங்கும் சிமென்ட் மூட்டையில், இந்தியத் தர விதிப்படி, 15 முதல் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல் இருக்கலாம். நம் வீட்டுச் சுவருக்குள் ஒரு பங்கு, சிம்னிக்குப் போகும் வழியில் மறிக்கப்பட்டது.

சிமென்ட் ஆலைகள் தங்கள் தூசியைப் பிடிக்கப் பெரும்பாலும் பை வடிகட்டிகளை வைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான நீண்ட துணிப்பைகள், கம்பிக் கூண்டின் மேல் மாட்டியவை. புகை வெளியிலிருந்து உள்ளே ஊடுருவும், தூசி வெளிப்பக்கம் படியும், நொடியின் ஒரு சிறு பங்குக்கு அழுத்தக் காற்றை உள்ளே அடித்தால் பை விம்மி உதறிக்கொள்ளும். நுண்தூசியை அது ஈ.எஸ்.பி.யை விடச் சீராகப் பிடிக்கும், ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பயப்படும், பைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் போக ஆசை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் தப்புகிறது என்று குதித்தேன். 45 டன்னில் அது மணிக்கு 45 கிலோ. தப்புவதில் முக்கியமானது பத்தில் ஒரு மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான் வரையுள்ள துகள். அந்த அளவில்தான் மின்னேற்றம் ஏறுவது மந்தம். அந்த அளவில்தான் நுரையீரலின் அடி வரை போகும். கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு போன்ற வாயுக்களை இந்தப் பெட்டி தொடவே தொடாது. ஒரு ஃபீல்டு வேலை செய்யவில்லை என்றால் அன்றே சரி செய்ய வேண்டும் என்று அந்த ஃபிட்டர் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான் எனக்கு அத்தனை பிடித்துப்போனது.

ஓவர்ஹால் முடிந்து கதவை மூடும் முன் கருவிகளை எண்ணுகிறார்கள். ஒரு ஸ்பானர் ஹாப்பரில் விழுந்து கிடந்தால் சாம்பல் குழாய் அடைபடும். பிறகு புகை இல்லாமல், வெறும் காற்றில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மின்சாரம் ஏற்றிப் பார்க்கிறார்கள். எத்தனை கிலோவோல்ட்டில் எத்தனை மில்லிஆம்பியர் என்று குறித்து, வளைவை வரைந்து, பழைய வளைவோடு ஒப்பிடுகிறார்கள். வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி அடுத்து வருகிறது. பாய்லரை முதலில் எண்ணெயில்தான் பற்றவைக்கிறார்கள். எரியாத எண்ணெய் தகட்டில் ஒட்டும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். எனவே எண்ணெய் எரியும் வரை ஈ.எஸ்.பி.க்கு மின்சாரம் இல்லை. சிம்னியில் எப்போதாவது கரும்புகை தெரிகிறதே, பெரும்பாலும் அது இந்த நேரம்தான். நிலக்கரி தானாக நின்று எரியத் தொடங்கி எண்ணெயை நிறுத்தியதும், கன்ட்ரோல் ரூமில் எல்லாக் கண்களும் ஒரு திரையில். சிம்னிக்குள் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையைப் புகை எவ்வளவு மறைக்கிறது என்று அது காட்டுகிறது. முதல் ஃபீல்டு ஏறியது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு படி கீழே சறுக்குகிறது எண். பேனல் முன்னால் நின்ற இளம் ஆபரேட்டர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: “இறங்குது சார், இறங்குது! அடுத்ததைப் போடுங்க!”